ஒரே தாளில் ஓரிகாமி கொக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானில் ஓரிசுரு என்று சொல்லப்படும் காகிதக் கொக்கை ஒரே ஒரு சதுரத் தாளில், வெட்டாமல், ஒட்டாமல் மடிப்பார்கள். அதைக் கற்றுக்கொள்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். செய்முறை நடுவில் இருக்கிறது. கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு படியுங்கள்.

எத்தனையோ விலங்குகள் இருக்க, ஏன் கொக்கு?

நாய் முகமும் மீனும் இதைவிடச் சுலபம்தான். ஆனால் நாய் முகம் மடித்தவருக்கு நாய் முகம் மட்டும்தான் தெரியும். கொக்கை ஒருமுறை ஒழுங்காக மடித்துவிட்டால் சதுர அடிப்படை, இதழ் மடிப்பு, உள்திருப்பு மடிப்பு என்ற மூன்றும் (இவை என்ன என்பது செய்முறையில் வரும்) கைக்கு வந்துவிடும். பழைய ஓரிகாமி உருவங்கள் நிறைய இந்த மூன்றையும் வைத்துத்தான் மடிக்கப்படுகின்றன. பூவும் தவளையும்கூட சதுர அடிப்படையில்தான் தொடங்கும். சின்ன வயதில் கத்திக்கப்பல் செய்தவர்கள் தயங்கவே வேண்டாம். உள்ளே விரலை விட்டு விரித்து அமுக்குகிற பழக்கம் உங்கள் கைக்கு ஏற்கெனவே உண்டு.

என்ன தாள் வாங்குவது?

முதல் கொக்குக்கு எதுவும் வாங்க வேண்டாம். சாதாரண ஏ4 தாள் போதும். பிரிண்டருக்குப் போடும் தாள் 70 முதல் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கும். கொஞ்சம் தடிமன்தான், ஆனால் தாங்கும். சதுரமாக்கினால் பக்கம் 21 செமீ கிடைக்கும், பழகுகிற கைக்கு அந்த அளவு வசதி. ஓரிகாமிக்கென்றே விற்கிற தாள் பெரும்பாலும் 15 செமீ சதுரம், ஒரு பக்கம் நிறம், மறுபக்கம் வெள்ளை. பள்ளிக் கைவேலைக்கு வாங்கும் மெல்லிய கலர் தாளும், பழைய வார இதழின் பக்கமும் நன்றாகவே மடியும். பரிசு சுற்றும் தாளில் மெல்லியதாகப் பார்த்து எடுங்கள்.

சார்ட் பேப்பர் வேண்டவே வேண்டாம். கழுத்துக்கு வரும்போது அடுக்குகள் சேர்ந்து பருத்து, மடிப்பு விழாமல் நரம்பு நரம்பாக வெடிக்கும். நியூஸ் பேப்பர் எளிதாக மடியும், ஆனால் விறைப்பு இல்லாததால் கழுத்து தொங்கிவிடும்.

ஏ4 தாளைச் சதுரமாக்குவது எப்படி?

குறுகிய விளிம்பை நீள விளிம்பின் மேல் வரும்படி மூலைவிட்டமாக மடியுங்கள். மிஞ்சி நிற்கும் பட்டையை ஒட்டி நன்றாக மடித்துக் கிழியுங்கள், அல்லது வெட்டுங்கள். கத்தரிக்கோலுக்கு வேலை அதோடு முடிந்தது.

சதுரம் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் கொக்கின் மூக்கில் அது தெரியும். ஆகவே வெட்டியதும் இரண்டு மூலைவிட்டங்களையும் மடித்துப் பாருங்கள். இரண்டிலும் மூலைக்கு மூலை சரியாக உட்கார்ந்தால் அது சதுரம். 1893இல் சென்னையில் டி. சுந்தர ராவ் காகித மடிப்பாலேயே வடிவியல் கற்பிக்கும் ஒரு புத்தகம் எழுதினார். அதன் முதல் பாடமே ஒழுங்கில்லாத ஒரு தாளை மடித்துச் சதுரமாக்குவதுதான். ஜெர்மானிய கணித மேதை பெலிக்ஸ் க்ளைன் எடுத்துக்காட்டிய நூல் அது. அளவுகோல் இல்லாமல் சரியான செங்கோணம் கிடைக்கும் என்பதைக் குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மலை மடிப்பு, பள்ளத்தாக்கு மடிப்பு என்றால் என்ன?

மடித்த கோடு உங்களிடமிருந்து விலகி உள்ளே இறங்கினால் பள்ளத்தாக்கு. உங்களை நோக்கி மேடாக நின்றால் மலை. தாளைத் திருப்பினால் மலை பள்ளத்தாக்காகிவிடும். அவ்வளவுதான்.

சரி, செய்முறை?

முதலில் சதுர அடிப்படை. நிறப் பக்கம் மேலே இருக்க, இரண்டு மூலைவிட்டங்களையும் பள்ளத்தாக்காக மடித்து விரியுங்கள். தாளைத் திருப்புங்கள். வெள்ளைப் பக்கம் மேலே இருக்க, நெடுக்கே பாதியாகவும் குறுக்கே பாதியாகவும் மடித்து விரியுங்கள். இப்போது ஒரு மூலை உங்களைப் பார்க்கும்படி தாளை வையுங்கள். இடது, வலது மூலைகளைப் பிடித்து, உங்கள் பக்கம் இருக்கும் மூலையின் மேல் கொண்டுவந்து சேருங்கள். எதிர்ப்பக்க மூலை தானாக இறங்கி மேலே படியும். பாதி அகலமுள்ள ஒரு சிறிய சதுரம் கிடைக்கும். அதன் ஒரு முனை மூடியிருக்கும், அது தாளின் நடுப்புள்ளி. எதிர்முனை திறந்திருக்கும், அதில் தாளின் நான்கு மூலைகளும் ஒன்றாக நிற்கும்.

அடுத்தது பறவை அடிப்படை. திறந்த முனை உங்களைப் பார்க்க வேண்டும். இதை மறக்காதீர்கள். மேலடுக்கின் கீழ்ப்பக்க விளிம்புகள் இரண்டையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மடியுங்கள், பட்டம் போல வரும். மேலே மிஞ்சும் முக்கோணத்தை அதன்மேல் கீழ்நோக்கி மடியுங்கள். பிறகு மூன்றையும் விரித்துவிடுங்கள். இப்போது மேலடுக்கின் கீழ்மூலையை மட்டும் பிடித்து, முக்கோணம் மடித்த கோடுவரை திறந்து, மேல்நோக்கித் தூக்குங்கள். இரண்டு பக்க விளிம்புகளும் உள்ளே சாய்ந்து நடுவில் சந்திக்கும். தட்டையாக அமுக்கினால் ஒரு நீண்ட வைரம். இதுதான் இதழ் மடிப்பு. திருப்பி மறுபக்கமும் இதையே செய்யுங்கள்.

கடைசியாக கொக்கு. வைரத்தின் கீழ்ப்பாதி நடுவில் பிளந்து இரண்டு கால் போல இருக்கும். பிளவு உள்ள அந்தப் பாதியைத்தான் ஒல்லியாக்க வேண்டும்: மேலடுக்கின் இரண்டு பக்க விளிம்புகளையும் நடுக்கோட்டுக்கு மடியுங்கள், பின்பக்கமும் அப்படியே. பிறகு ஒவ்வொரு காலையும் அதன் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே உள்ளே தள்ளி மேலே தூக்குங்கள். இதுதான் உள்திருப்பு மடிப்பு. ஒன்று கழுத்து, மற்றொன்று வால். கழுத்தின் நுனியில் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு அதே மடிப்பைச் சின்னதாகப் போட்டால் தலை. இறக்கைகளை இரண்டு பக்கமும் இறக்கி, மெதுவாக வெளியே இழுத்தபடி, அடியில் இருக்கும் சிறு துளையில் ஊதுங்கள். முதுகு உப்பிக்கொள்ளும்.

எனக்கு இதழ் மடிப்பு வரவே மாட்டேன் என்கிறது. எங்கே தப்பு?

பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இங்கேதான், எனவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் திசையைப் பாருங்கள். பட்டம் மடிக்கும்போது மூடிய முனை உங்கள் பக்கம் இருந்திருந்தால், தூக்குவதற்குத் தனியாக ஒரு மூலையே இருக்காது. தாள் எதிர்த்து நிற்கும், பலம் கொடுத்தால் கிழியும். திசை சரியாக இருந்தும் வரவில்லை என்றால் மடிப்புக் கோடுகள் போதிய அழுத்தமாக விழவில்லை என்று பொருள். அந்தப் பட்டத்தின் இரண்டு சாய்கோடுகள் சதுர அடிப்படையில் பள்ளத்தாக்காக விழுந்தவை. மூலையைத் தூக்கும்போது ஒவ்வொரு சாய்கோட்டின் வெளிப்பக்கமும் உள்ளே புரண்டு, கோடே புதிய விளிம்பாக மாற வேண்டும். கோடு மங்கலாக இருந்தால் தாள் தன் இஷ்டத்துக்கு வேறிடத்தில் மடிந்துகொள்ளும். அதனால் தூக்குவதற்கு முன் அந்தக் கோடுகளை முன்னும் பின்னும் ஒருமுறை மடித்து, கட்டைவிரல் நகத்தால் நீவிவிடுங்கள். மேலே உள்ள குறுக்குக்கோட்டையும் அப்படியே.

தூக்கும்போது மூலையை ஒரேயடியாக மேலே இழுக்காதீர்கள். பாதி தூரம் வந்ததும் தாள் படகு போலக் குழிந்து நிற்கும். அங்கே நிறுத்தி, இரண்டு ஆள்காட்டி விரல்களாலும் பக்க விளிம்புகளை நடுவுக்குச் சாய்த்துவிடுங்கள். அவை சாயச் சாய மூலை தானே மேலே போகும். கடைசியாக நுனியைப் பார்த்து, கூர்மையாக இருந்தால் மட்டும் அழுத்துங்கள். நுனி மழுங்கி நின்றால் திரும்பத் திறந்து சரிசெய்வதற்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

நடுப்புள்ளியில் சிறு ஓட்டை விழுகிறதே?

எல்லா மடிப்பும் சந்திக்கும் இடம் அது, திரும்பத் திரும்ப மடித்தால் நார் தளரும். ஒவ்வொரு கோட்டையும் ஒரே தடவையில் நேராக மடித்தால் விழாது. மடிப்புகள் சந்திக்கும் மையத்தில் மட்டும் நகத்தை அழுத்தாமல் விட்டுவிடலாம்.

அந்த நடுப்புள்ளியில் இன்னொரு சுவாரசியமும் உண்டு. சதுர அடிப்படையை முடித்த பிறகு நிறப் பக்கத்திலிருந்து எண்ணிப் பாருங்கள்: மையத்தில் 4 மலை, 2 பள்ளத்தாக்கு. மற்றொரு மூலைவிட்டம் மடித்த தடமாக இருக்கும், ஆனால் தட்டையாகக் கிடக்கும். தட்டையாக மடியும் எந்த உருவத்திலும், தாளின் உள்ளே இருக்கும் எந்தச் சந்திப்பிலும், மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் 2 தான். ஜுன் மயேகவா என்ற ஜப்பானியரின் பெயரால் இந்த விதி வழங்கப்படுகிறது. மடித்தது தட்டையாக உட்கார மறுத்தால் இப்படி எண்ணிப் பார்த்துத் தவறைக் கண்டுபிடிக்கலாம்.

கழுத்தும் வாலும் கோணல்மாணலாக வருகின்றன.

உள்திருப்பு மடிப்பை நேரடியாகச் செய்யாதீர்கள். முதலில் கழுத்தாகவோ வாலாகவோ ஆகப்போகும் காலை முழுதாக, எல்லா அடுக்கும் சேர்த்து, எந்தக் கோணத்தில் நிற்க வேண்டுமோ அந்தக் கோணத்தில் வெளியே மடித்து நீவுங்கள். பின்பக்கமாகவும் அதே கோட்டில் ஒருமுறை மடியுங்கள். விரித்த பிறகு, காலைப் புத்தகம் போலப் பிரித்து உள்ளே தள்ளினால் அந்தக் கோட்டிலேயே போய் உட்காரும். பிளவு முடியும் இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் மடிக்கிறீர்களோ அவ்வளவு கழுத்து நீளமாக இருக்கும்.

எது கழுத்து, எது வால்?

மடிக்கும்வரை இரண்டும் ஒன்றுதான். எந்த நுனி கூர்மையாக வந்திருக்கிறதோ அதை வாலாக விட்டுவிட்டு, கொஞ்சம் மழுங்கியதைத் தலையாக மடியுங்கள். தலை மடிப்பில் மழுங்கல் அவ்வளவாகத் தெரியாது.

கொக்குக்குக் கால் ஏன் இல்லை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. தாளுக்கு நான்கு மூலைகள். எதிரெதிரான இரண்டு மூலைகள் இறக்கைகளாகிவிட்டன, மற்ற இரண்டும் கழுத்தும் வாலும். தாளின் நடுப்புள்ளி முதுகாகிவிட்டது. காலுக்கு மிச்சம் மூலை இல்லை.

அளந்து பார்த்தால் இன்னும் அழகு. பறவை அடிப்படையில் நான்கு நீட்சிகளும் (இறக்கை, கழுத்து, வாலாக மாறும் முனைகள்) சம நீளம், ஒவ்வொன்றும் தாளின் பக்கத்தில் சரிபாதி. 15 செமீ தாளில் 7.5 செமீ. கொக்கை முழுதாக விரித்து, ஒவ்வொரு மூலையையும் மையமாக வைத்து 7.5 செமீ ஆரத்தில் கால்வட்டம் வரையுங்கள். நான்கு கால்வட்டங்களும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும், மேலே ஏறாது. நடுவில் மிஞ்சும் இடத்தில் சுமார் 3.1 செமீ ஆரமுள்ள ஒரு முழு வட்டம் சரியாகப் பொருந்தும், அதுதான் முதுகுத் திமில். ஒரு நீட்சி வேண்டுமென்றால் தாளில் ஒரு வட்டத்துக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்ற இந்த எண்ணத்தை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பானில் தோஷியுகி மெகுரோவும் அமெரிக்காவில் ராபர்ட் லாங்கும் வளர்த்தெடுத்தார்கள். லாங் ஓர் இயற்பியலாளர், நாசாவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியில் வேலை பார்த்தவர். எந்த விலங்குக்கு எத்தனை கால், எத்தனை கொம்பு என்று கொடுத்தால் தாளில் மடிப்புக் கோடுகளைக் கணக்கிட்டுத் தரும் ஒரு மென்பொருளையும் எழுதினார். ஆறு காலும் கொம்பும் உள்ள வண்டுகளை ஒரே தாளில் மடிக்க முடிவது இந்தக் கணக்கால்தான். காலுள்ள கொக்கும் மடிக்கலாம், ஆனால் அதற்கு வேறொரு அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

கத்தரிக்கோலால் வெட்டினால் அது ஓரிகாமி இல்லையா?

வெட்டக் கூடாது என்ற கண்டிப்பு நவீன காலத்தில் வலுத்தது. 1797இல் கியோட்டோவில் காகிதக் கொக்குகளுக்காகவே ஒரு புத்தகம் அச்சானது. பொழுதுபோக்கு ஓரிகாமிக்கு இன்று கிடைக்கும் மிகப் பழைய அச்சு நூல்களில் ஒன்று அது. அதில் உள்ள 49 உருவங்களில் பெரும்பாலானவற்றில், ஒரே தாளில் கீறல்கள் போட்டுச் சின்னச் சின்ன சதுரங்களாக்கி, அவை மூலையில் மட்டும் ஒட்டியிருக்கும்படி விட்டு, ஒவ்வொன்றையும் கொக்காக மடிக்கிறார்கள். மடித்து முடித்தால் அலகோடு அலகும் இறக்கையோடு இறக்கையும் சேர்ந்த கொக்குக் கூட்டம் கிடைக்கும். குவானா ஊரைச் சேர்ந்த ஒரு பௌத்தத் துறவி உருவாக்கிய வடிவங்கள் அவை. ஆகவே வெட்டியவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கற்றுக்கொள்ளும் காலத்தில் வெட்டாமல் இருப்பதே நல்லது. மடிப்பால் தீர்க்க வேண்டிய சிக்கலைக் கத்தரிக்கோல் மறைத்துவிடும்.

மடிப்புப் படங்களில் வரும் கோடுகளையும் அம்புகளையும் எப்படிப் படிப்பது?

விட்டுவிட்டு வரும் சிறு கோடுகள் பள்ளத்தாக்கு. இடையில் புள்ளி வந்தால் மலை. சுருண்டு போகும் அம்பு என்றால் தாளைத் திருப்பு. இந்த முறையை 1950களில் உருவாக்கியவர் அகிரா யோஷிசாவா (1911-2005). பின்னர் 1960களில் அமெரிக்கரான சாமுவேல் ராண்ட்லெட், பிரிட்டனின் ராபர்ட் ஹார்பின் ஆகியோர் அதை விரிவாக்கினார்கள். அதனால்தான் ஜப்பானியப் புத்தகத்தில் ஒரு எழுத்துகூடத் தெரியாமலே நம்மால் மடிக்க முடிகிறது. ஒரு குறிப்பு: எந்தப் படத்தையும் அதற்கு அடுத்த படத்தோடு சேர்த்துப் படியுங்கள். மடித்த பிறகு எப்படி இருக்க வேண்டும் என்பது அடுத்த படத்தில்தான் இருக்கும்.

யோஷிசாவா இளமையில் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, இளம் தொழிலாளர்களுக்கு வடிவியல் சொல்லிக்கொடுக்க ஓரிகாமியைப் பயன்படுத்தியவர். தடிமனான தாளை லேசாக ஈரப்படுத்தி, வளைவுகளோடு மடிக்கும் ஈர மடிப்பும் அவர் தந்ததே. அவருடைய விலங்குகளுக்குத் தசைப்பிடிப்பு இருக்கும்.

ஆயிரம் கொக்கு மடித்தால் வேண்டியது கிடைக்கும் என்கிறார்களே?

கொக்கு ஆயிரம் ஆண்டு வாழும் என்பது ஜப்பானிய நம்பிக்கை. ஆயிரம் கொக்குகளைக் கோத்தால் வேண்டுதல் பலிக்கும் என்பார்கள். வழக்கமாக 40 கொக்குகள் வீதம் 25 சரங்களாகக் கோப்பார்கள். நோயாளிக்கு, புதுமணத் தம்பதிக்கு, போட்டிக்குப் போகும் அணிக்கு என்று பலர் சேர்ந்து மடித்துக் கொடுப்பதும் உண்டு.

உலகம் முழுக்க இது பரவியதற்குக் காரணம் சடகோ சசாகி என்ற சிறுமி. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அவளுக்கு 2 வயது. அன்று தப்பித்தாள், நன்றாக ஓடியாடி வளர்ந்தாள். 1955இல் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே கொக்குகளை மடிக்கத் தொடங்கினாள். தாள் கிடைக்காதபோது மருந்து சுற்றி வந்த காகிதத்தில் மடித்தாள், சிலவற்றை மிகச் சிறியதாக மடித்தாள். அதே ஆண்டு அக்டோபர் 25 அன்று, 12 வயதில், இறந்துபோனாள். 644 கொக்கோடு நின்றுவிட்டாள் என்று பரவலாகச் சொல்லப்படும் கதை சரியல்ல. அவள் ஆயிரத்தைத் தாண்டி மடித்தாள் என்று அவளுடைய அண்ணன் சொல்லியிருக்கிறார், ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகமும் அப்படியே சொல்கிறது. அவளோடு படித்த பிள்ளைகள் தொடங்கிய நிதி திரட்டலால் 1958 மே 5 அன்று ஹிரோஷிமாவில் குழந்தைகள் அமைதி நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. அங்கே இன்றும் ஆண்டுதோறும் சுமார் 1 கோடி காகிதக் கொக்குகள் வந்து சேர்கின்றன.

வேண்டுதல் பலிக்குமா என்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் குழந்தைகளுக்குக் கொக்கு சொல்லிக்கொடுக்கிற யாரும் சடகோவைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது என்று நினைக்கிறேன். அதைச் சொல்லும்போது எண்ணிக்கையையும் சரியாகச் சொல்லிவிடுங்கள்.

எந்த வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கலாம்?

ஏழெட்டு வயதுக்கு மேல், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால், வந்துவிடும். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு நாய் முகம், படகு, ராக்கெட் போதும். பெரிய தாள் கொடுங்கள், ஒரு அடிப் பக்கம் இருந்தால்கூடத் தப்பில்லை. பிள்ளையின் கையிலிருந்து தாளைப் பிடுங்கி நீங்கள் மடித்துக் கொடுக்காதீர்கள். உங்கள் கையில் இன்னொரு தாள் வைத்துக்கொண்டு, எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு மடிப்பையும் கூடவே மடியுங்கள். எதிரில் உட்கார்ந்தால் இடமும் வலமும் மாறிக் குழந்தை குழம்பிப்போகும்.

எவ்வளவு நேரம் ஆகும்?

முதல் தடவை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கை பழகிவிட்டால் ஐந்து நிமிடத்துக்குள் முடியும்.

தொங்கவிட்டால் தலைகீழாகக் கவிழ்கிறது.

ஊசியில் நூல் கோத்து, அடியில் ஊதிய துளையின் வழியாக விட்டு, முதுகின் உச்சியில் எடுங்கள். அடியில் ஒரு மணியோ சிறு அட்டைத் துண்டோ முடிச்சோடு கட்டினால் நூல் உருவிக்கொண்டு வராது. இறக்கையில் குத்தித் தொங்கவிட்டால் எப்படியும் சாயும்.

கொக்கு வந்துவிட்டது. அடுத்து என்ன மடிக்கலாம்?

இறக்கை அடிக்கும் பறவை. பறவை அடிப்படைவரை அதே வேலைதான். அப்புறம் கால்களை ஒல்லியாக்காமல், அகலமாகவே விட்டு, இரண்டையும் பக்கவாட்டில் உள்திருப்பு செய்யுங்கள். ஒன்றில் தலையை மடியுங்கள். இறக்கைகளை நகத்தால் அழுத்தாமல் லேசாக வளைத்து இறக்குங்கள். ஒரு கையால் கழுத்துக்குக் கீழே மார்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் வாலை மெதுவாகப் பின்னால் இழுத்தால் இறக்கைகள் இறங்கும், விட்டால் ஏறும். முதல் இழுப்பில் அசையவில்லை என்றால் பலமாக இழுக்காமல், இறக்கை உடம்போடு சேரும் இடத்தைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு மறுபடி இழுங்கள்.